அந்தப் பக்கம் எப்படிக் கேட்கும்?

போன மாதம் ஒரு வியாழக்கிழமை. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. செல்வி.

“மதினி, சாப்பிட்டீங்களா?”

“இப்பத்தான் உக்காந்தேன். சொல்லு.”

“அப்ப சாப்பிடுங்க மதினி. நான் அப்புறமாப் பேசுறேன்…”

குரல் சரியில்லை. செல்வியை எனக்குத் தெரியும். அதட்டினால்தான் அவளிடமிருந்து விஷயம் வெளியே வரும். அதட்டினேன்.

“கஸ்டமர் ஒருத்தரு கேக்குறாரு மதினி… ‘ஏம்மா, பஸ்ஸுல போய்க்கிட்டே பேசுறியா? எறங்கி நின்னு பேசு’ன்னு.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதிச் சிரிப்பில் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

செல்வி யார் என்று சொல்லிவிடுகிறேன். என் சித்தப்பா மகன் முருகேசனின் மனைவி. கணவனுக்கு அக்கா என்பதால் நான் அவளுக்கு மதினி. திருமங்கலத்தில், பஸ் நின்று ஆள் ஏற்றும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறார்கள். முருகேசன் லோடு வண்டி ஓட்டுகிறான். ஒரே பெண், ஒன்றாம் வகுப்பு.

செல்வி பி.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்தாள். அப்புறம் கல்யாணம், குழந்தை… எட்டு வருடம் போய்விட்டது. குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி வேலை தேடினாள். போன இடமெல்லாம் ஒரே கேள்வி. ‘இடையில எட்டு வருஷம் என்ன செஞ்சீங்க?’ என்ன செய்திருப்பாள்? கேட்டவருடைய வீட்டுக்காரம்மா என்ன செய்திருப்பாரோ அதையேதான்!

கடைசியில் ஒரு வேலை அமைந்தது. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்கள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்தபடியே செய்யலாம். லேப்டாப் கம்பெனி கொடுக்கும். ஹெட்செட் மட்டும் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். நாலு வாரம் பயிற்சி. அதில் தேறினால்தான் வேலை நிச்சயம்.

ஹெட்செட் வாங்க வேண்டும் என்றதும் முருகேசன் யாருக்குப் போன் போட்டிருப்பான்?

எனக்குத்தான். வேறு யாருக்கு?

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு என் பெருமை தெரியும். எங்கள் சொந்தபந்தத்தில் மிக்ஸி வாங்கினாலும் சரி, கேமரா வாங்கினாலும் சரி, என்னைக் கேட்காமல் பில் போட மாட்டார்கள். நான் சும்மா சொல்கிறவளும் இல்லை. பத்து ரெவ்யூ படிப்பேன். பதினைந்து வீடியோ பார்ப்பேன். நோட்டில் கட்டம் போட்டு, இதற்கு எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும், அதற்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுவேன். என் கணவர் இதை ‘உன் பரீட்சை’ என்பார். நான் கண்டுகொள்வதில்லை. அவருக்கு டிவி ரிமோட்டில் மூன்று பட்டன்தான் தெரியும்.

ஆனால், எந்தக் கடைக்குப் போனாலும் சேல்ஸ்மேன்கள் அவரிடம்தான் பேசுவார்கள். “சார், இதுல லேட்டஸ்ட் ப்ளூடூத் சார்.” அவர் பயந்துபோய் என் பக்கம் கையைக் காட்டுவார். அதன் பிறகு ஐந்து நிமிடத்தில் அந்த சேல்ஸ்மேன் பயந்துபோய் மேனேஜரைக் கூப்பிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் நான்!

செல்விக்கும் அப்படித்தான். மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு பெரிய கடை. செல்வியைக் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டு வாசலிலேயே பஸ் நிற்கிறது, சத்தம் ஜாஸ்தி, அப்படியானால் என்ன வேண்டும்? வெளிச் சத்தத்தை அடக்குகிற ஒயர்லெஸ் ஹெட்செட். நாய்ஸ் கேன்சலேஷன்! என் நோட்டில் முதல் இடம் பிடித்த மாடலை எடுக்கச் சொன்னேன். கறுப்பு நிறம். காதை முழுக்க மூடும் மெத்தை. பார்த்தாலே ஒரு மரியாதை வரும்.

செல்வி மாட்டிக்கொண்டாள். சேல்ஸ்மேன் பட்டனை அமுக்கினார். ஏ.சி. இரைச்சல், கடை டிவியின் அலறல், தெருவில் போகும் ஆட்டோ… எல்லாம் அவளுக்கு அடங்கிப்போயின. அவள் கண் விரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“மதினி! ஒண்ணுமே கேக்கல மதினி!”

கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினாள். நான் சேல்ஸ்மேனைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தேன். ‘எப்படி என் செலக்‌ஷன்?’ என்கிற சிரிப்பு.

அன்றைக்கு நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் எனக்கு வசதிதான். ஆனாலும் சொல்கிறேன்.

பில் போடப் போகும்போது செல்வி மெதுவாகக் கேட்டாள்: “ஏண்ணே, இதுல நான் பேசுனா அந்தப் பக்கம் எப்படிக் கேக்கும்?”

சேல்ஸ்மேன் வாயைத் திறப்பதற்குள் நான் பதில் சொல்லிவிட்டேன்: “அதெல்லாம் நல்லாத்தான் கேக்கும் செல்வி. இம்புட்டு நல்ல செட்டுல மைக்க மட்டும் மோசமாவா வைப்பான்?”

அவள் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மதினியே சொல்லியாயிற்றே.

வியாழக்கிழமை போனில் அவள் சொன்னது இதுதான். பயிற்சியில் மூன்றாவது வாரம். நித்யா மேடம் என்று ஒரு டிரெய்னர். இவள் பேசிய போன் கால்களில் மூன்றை எடுத்துக் கேட்டிருக்கிறார். மூன்றிலும் ஃபெயில். பதில் எல்லாம் சரி. மரியாதை சரி. ஆனால் பின்னணிச் சத்தம்! ‘திங்கக்கிழமை மறுபடி கேப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா உங்களை அடுத்த பேட்ச்சுக்குத் தள்ளத்தான் வேணும். அடுத்த பேட்ச் எப்பன்னு எனக்கே தெரியாது’ என்று சொல்லிவிட்டாராம்.

“எனக்கு இங்க ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்குது மதினி. அமைதியா இருக்கு. அவங்களுக்கு மட்டும் எப்படிக் கேக்குது?”

தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. “நாளைக்கு வாரேன்” என்று போனை வைத்தேன். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, பதினோரு மணிக்கெல்லாம் திருமங்கலத்தில் அவள் வீட்டுப் படியேறினேன். முருகேசன் லோடு இறக்கப் போயிருந்தான். செல்விக்கு அன்றைக்கு மத்தியானம்தான் பயிற்சி வகுப்பு. முன் அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜை, லேப்டாப், சாமி படம், பக்கத்தில் தண்ணீர் பாட்டில். கடை திறந்து வைத்திருப்பவர்கள் மாதிரி அத்தனை சுத்தமாக வைத்திருந்தாள்.

“நீ இங்கயே உக்காரு. ஹெட்செட்ட மாட்டு. நான் உள்ள போய்க் கூப்பிடுறேன்” என்றேன்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவளுக்குப் போன் செய்தேன். அவள் எடுத்தாள்.

“வணக்கம், நான்…”

“மாட்டுத்தாவணி! மாட்டுத்தாவணி! மாட்டுத்தாவணி! ஏறு ஏறு ஏறு… அம்மா, பையத் தூக்கி உள்ள வையி!”

இது செல்வி இல்லை. கண்டக்டர்! என் காதுக்குள்ளேயே நின்று கூவுகிறார். அவருக்குப் பின்னால் ஒரு ஏர் ஹாரன். அதற்கும் பின்னால், ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி செல்வியின் குரல். “…செல்வி பேசுறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். அவள் நிம்மதியாக, ரொம்ப மென்மையாகப் பேசிக்கொண்டிருந்தாள். சத்தம் அவள் காதில் விழுந்திருந்தால் தானாகவே குரலை உயர்த்தியிருப்பாள். விழவில்லை. அதனால் பூஜை அறையில் பேசுகிற மாதிரிப் பேசுகிறாள். நான் தேர்ந்தெடுத்த ஹெட்செட் அவளைச் சத்தத்திலிருந்து காப்பாற்றியது. அவளிடம் பேசுகிறவரை நட்ட நடு பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சத்தத்தை அடக்குவது என்றால் யாருடைய காதுக்கு அடக்குவது? போட்டுக்கொண்டிருப்பவர் காதுக்கு! பாட்டுக் கேட்கிறவருக்கு அது போதும். செல்வி பாட்டா கேட்கப் போகிறாள்? பத்து ரெவ்யூ படித்தேனே… பாட்டு எப்படிக் கேட்கிறது என்று பத்து பேரும் எழுதியிருந்தார்கள். ‘இதைப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் பேசிப் பார்த்தோம்’ என்று ஒருத்தர் எழுதியிருந்தாரா? தேடியிருந்தால் கிடைத்திருக்கலாம். நான் தேடவில்லை. கடையில் அவள் கேட்டபோது கேட்க விடவும் இல்லை.

தப்பு என் மேல் என்று உடனே ஒப்புக்கொண்டேன் என்று நினைக்கிறீர்களா? அவ்வளவு நல்லவள் இல்லை நான்.

“ஜன்னலச் சாத்து” என்றேன். சாத்தினாள். மறுபடி போன். கண்டக்டர் கொஞ்சம் தள்ளி நின்று கூவினார், அவ்வளவுதான். கட்டிலில் கிடந்த ஜமுக்காளத்தை ஜன்னலில் தொங்கவிட்டோம். அப்பவும் ஹாரன் வந்தது. மேஜையைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். லேப்டாப்பில் ஏதேதோ செட்டிங்கைத் தட்டிப் பார்த்தேன். செல்வியின் குரல் ரோபோ மாதிரி ஆனது. அதை மறுபடி பழையபடி ஆக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

‘அன்னைக்கே நான் கேட்டேனே மதினி’ என்று செல்வி ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவளோ காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள்.

“விடுங்க மதினி. நமக்கு இதுதான் வாய்ச்சிருக்கு போல. அடுத்த பேட்ச்சுல பாத்துக்கலாம்.”

அந்தக் காப்பியைக் குடிக்க முடியவில்லை.

“செல்வி, தப்பு எம்மேல. அன்னைக்கு நீ சரியாத்தான் கேட்ட. நான்தான் குறுக்க விழுந்தேன்.”

“ஐயோ, என்ன மதினி நீங்க…” என்று பதறினாள். ஆனால் அவள் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தன்மேல் தப்பில்லை என்று யாராவது சொல்ல வேண்டியிருந்தது போல.

சரி, அந்த ஹெட்செட் கம்பெனியையே கேட்டுவிடுவோம் என்று அட்டைப் பெட்டியைத் தேடி எடுத்தேன். கஸ்டமர் கேர் நம்பர் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு, இசை, மறுபடி இசை… கடைசியில் ஒரு பெண் வந்தார். நல்ல தமிழ், தெளிவான குரல். என் புகாரைச் சொன்னேன். கொஞ்சம் கோபமாகத்தான் சொன்னேன்.

“மேடம், அந்த மாடல் பாட்டுக் கேக்க, டிராவல் பண்ணத்தான் நல்லாருக்கும். மைக் காதுகிட்ட இருக்கிறதால சுத்தி இருக்கிற சத்தமும் சேர்ந்து போக வாய்ப்பிருக்கு மேடம்…”

நான் அடுத்த அம்பை எடுப்பதற்குள் செல்வி போன் பக்கம் குனிந்தாள்.

“மேடம், ஒண்ணு கேக்கலாமா? நீங்க என்ன ஹெட்செட் போட்டுருக்கீங்க?”

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

“நானா மேடம்?”

“ஆமாங்க. நானும் உங்கள மாதிரி வேலைக்குத்தான் டிரெய்னிங்ல இருக்கேன். ஒங்க குரல் இம்புட்டுத் தெளிவா இருக்கு. தனி ரூம்ல இருக்கீங்களா?”

அவர் சிரித்துவிட்டார். அதுவரை இருந்த கஸ்டமர் கேர் குரல் மாறி, நம் வீட்டுக் குரல் வந்தது.

“தனி ரூமா? என்னைச் சுத்தி அறுபது பேர் பேசிக்கிட்டு இருக்காங்க.”

“ஒருத்தர் சத்தமும் கேக்கலையே!”

“வாய்க்கு முன்னாடி குச்சி மாதிரி ஒரு மைக் நீட்டிக்கிட்டு வரும் பாருங்க, அந்த மாதிரிதான் இங்க எல்லாருக்கும். உதட்டுக்கு நேரா வைக்காம, வாய் ஓரமா ரெண்டு விரல் தள்ளி வைங்க. மூச்சுச் சத்தம் வராது. எனக்கும் முதல் ரெண்டு வாரம் சத்தம் சத்தம்னு திட்டுனாங்க. பயப்படாதீங்க.” பிறகு சட்டென்று பழைய குரலுக்கு மாறினார். “வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?”

“போதும்ங்க. ரொம்பப் பெரிய உதவி” என்றாள் செல்வி.

பத்து ரெவ்யூ, பதினைந்து வீடியோ, ஒரு நோட்டு. எல்லாவற்றையும் ஒரே கேள்வியில் தாண்டிப் போய்விட்டாள்!

மறுநாள் சனிக்கிழமை. பயிற்சிக்கு லீவு. செல்வி குழந்தையை முருகேசனிடம் விட்டுவிட்டு மதுரைக்கு வந்தாள். மறுபடி அதே கடை, அதே சேல்ஸ்மேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் லேசாக மாறியது. ஆனால் இந்தத் தடவை நான் பேசவில்லை. நோட்டும் கொண்டு போகவில்லை.

செல்விதான் பேசினாள். குச்சி மைக் வைத்த ஒயர்லெஸ் ஹெட்செட் எத்தனை இருக்கிறது என்று கேட்டாள். மூன்று எடுத்து வைத்தார். மூன்றும் சுமார் அழகுதான். ஒன்று பழைய காலத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மாட்டுகிற மாதிரி இருந்தது. நானாக இருந்தால் அதைக் கையால்கூடத் தொட்டிருக்க மாட்டேன்.

“அண்ணே, மூணையும் போட்டுப் பேசிப் பாக்கணும்.”

“தாராளமா மேடம். இப்படி உக்காருங்க.”

“இங்க இல்லண்ணே. வெளிய. ரோட்டுல.”

“ரோட்லயா? மேடம், டெமோ பீஸ வெளிய விட மாட்டாங்க. உள்ள ஏ.சி.ல நல்லா…”

“நான் ஏ.சி.ல உக்காந்து வேலை பாக்கலண்ணே. எங்க வீட்டு வாசல்ல பஸ் நிக்கும். அங்கதான் இது வேலை செய்யணும். ஒங்களுக்குச் சந்தேகமா இருந்தா நீங்களும் கூட வாங்க. என் பைய வேணா இங்க வச்சுட்டுப் போறேன்.”

குரலை உயர்த்தவில்லை. கெஞ்சவும் இல்லை. சேல்ஸ்மேன் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் செல்வியைப் பார்த்தேன். மேனேஜர் தலையை ஆட்டிவிட்டார்.

சனிக்கிழமை சாயங்கால டவுன்ஹால் ரோடு எப்படியிருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செல்வி பிளாட்பாரத்து ஓரமாகப் போய் நின்றாள். பக்கத்தில் மூன்று ஹெட்செட்டையும் பூஜைத் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டு சேல்ஸ்மேன். நான் கடைக்குள்ளே ஒரு மூலையில் போனைக் காதில் வைத்து நின்றேன்.

முதல் ஹெட்செட். “வணக்கம், நான் செல்வி பேசுறேன்…” ஆட்டோ ஒன்று அவள் குரல் மேல் ஏறிப் போனது. கட்டை விரலைக் கீழே காட்டினேன்.

இரண்டாவது. பரவாயில்லை. ஆனால் ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் குரலும் சேர்ந்து விழுங்கப்பட்டது. பாதி வார்த்தை வந்தது, மீதி வரவில்லை. மறுபடி கட்டை விரல் கீழே.

மூன்றாவது. அந்த எக்ஸ்சேஞ்ச் மாடல். மைக்கை வாய் ஓரமாக, இரண்டு விரல் அளந்து வைத்துக்கொண்டாள்.

“வணக்கம். நான் செல்வி பேசுறேன். உங்களுக்கு என்ன உதவி வேணும்?”

கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. பலூன்காரர் பீப்பீ ஊதுகிறார். என் காதில் எங்கோ ஒரு மெல்லிய இரைச்சல்… அதற்கு முன்னால் அவள் குரல் மட்டும்.

கட்டை விரலைக் காட்ட மறந்துபோனேன்.

ஏன் என்று சொல்கிறேன். இந்த எட்டு வருடத்தில் செல்வி என்னிடம் எவ்வளவோ பேசியிருக்கிறாள். ‘காப்பி போடட்டுமா மதினி’, ‘இருங்க மதினி, அவரக் கூப்பிடுறேன்’, ‘புள்ளைக்குக் காய்ச்சல் மதினி’. எல்லாம் அடுப்படியிலிருந்து, நடக்கிற நடையில், யாருக்கோ எதையோ எடுத்துக் கொடுத்துக்கொண்டே பேசியவை. அவள் நின்று, நிதானமாக, எனக்காக மட்டும் பேசிய ஒரு வாக்கியம் ஞாபகம் இல்லை. இவளுக்கு இப்படி ஒரு குரலா? தணிந்த, உறுதியான குரல். எனக்கு ஏதாவது கஷ்டம் என்றால் இந்தக் குரல் போனை எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

“மதினி? கேக்குதா? என்ன மதினி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?”

“கேக்குது செல்வி. இதையே எடு.”

இந்தப் புது ஹெட்செட் என் அன்பளிப்பு. அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. முன்பு வாங்கிய கறுப்பு ஹெட்செட்டை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன். என் கணவர் சத்தமாக நியூஸ் பார்க்கும்போது போட்டுக்கொள்கிறேன். அருமையாக வேலை செய்கிறது. நல்ல சாமான்தான். போக வேண்டிய வீட்டுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது!

திங்கட்கிழமை. காலை பத்து மணியிலிருந்து அவள் பேசும் போன் கால்களைக் கேட்பார்கள். எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பன்னிரண்டு மணிக்குப் போன் வரவில்லை. இரண்டு மணிக்கு வரவில்லை. நாமே போட்டால் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது தொந்தரவாகிவிடுமோ என்று பயம். மூன்று மணிக்கு முருகேசனுக்குப் போட்டேன்.

“நான் மேலூர்ப் பக்கம் லோடு எறக்கிக்கிட்டு இருக்கேன்க்கா. எனக்கும் இன்னும் ஒண்ணும் சொல்லல. நானே நிமிஷத்துக்கு ஒரு தடவ போன எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கேன், நீங்க வேற!”

நாலரைக்கு அவளே கூப்பிட்டாள்.

“மதினி… பாஸ்.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு கொட்ட ஆரம்பித்தாள்.

காலையில் ஒரு பெரியவர் கூப்பிட்டிருக்கிறார். அழகர்கோவில் பக்கம் ஏதோ கிராமம். பெயரைச் செல்வி எனக்குச் சொல்லவில்லை. சொல்லவும் கூடாதாம். மனைவிக்கு ஆபரேஷன். காப்பீட்டுக் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் வேறு மாதிரி எழுத்து. அதனால் ஆஸ்பத்திரியில் காக்க வைத்திருக்கிறார்கள். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் அழ ஆரம்பித்துவிட்டார்.

“என்ன செஞ்ச நீ?”

“ஒண்ணும் செய்யல மதினி. ‘நான் இங்கதான்யா இருக்கேன், மெதுவாச் சொல்லுங்க’ன்னு மட்டும் சொன்னேன். அவரு அழுது முடிக்கிற வரைக்கும் லைன்ல இருந்தேன். அப்புறம் எந்த கவுண்டர்ல யாரப் பாக்கணும், எந்தக் கடுதாசியக் குடுக்கணும்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். அவரு திருப்பிச் சொன்னாரு. ரெண்டு தடவ. கடைசியா, ‘நீ எந்த ஊரு தாயி? பக்கத்துல இருந்து பேசுற மாதிரியே இருக்கு’ன்னாரு.”

போன வாரம் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பேசச் சொன்னார் ஒருவர். இந்த வாரம் இன்னொருவருக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறதாம்!

மத்தியானம் நித்யா மேடம் பயிற்சியில் இருக்கிற எல்லாரையும் ஆன்லைனில் கூட்டி, பெரியவரோடு பேசிய அந்தப் போன் காலைப் போட்டுக் காட்டியிருக்கிறார். ‘கஸ்டமர் பேச முடியாம நிக்கும்போது நாம எப்படி இருக்கணும்? இப்படி இருக்கணும்’ என்றாராம். பின்னணிச் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இருந்தால்தானே!

“நான் பேசுறத நானே இன்னைக்குத்தான் மதினி முழுசாக் கேட்டேன்” என்றாள் செல்வி. கொஞ்சம் தயங்கினாள். “நல்லாத்தான் பேசுறேன் மதினி.”

“நல்லாப் பேசுறடி” என்றேன். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவளை ‘டி’ போட்டுக் கூப்பிட்டேன். அவளும் கவனிக்கவில்லை, நானும் அப்புறம்தான் கவனித்தேன்.

இப்போது செல்விக்கு வேலை நிச்சயமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு எந்த ஹெட்செட் வாங்கலாம் என்று அவளைத்தான் கேட்கச் சொல்கிறார்களாம். அவள் மாடல் பெயரே சொல்வதில்லை. ‘வீட்டுல உங்களுக்கு எம்புட்டுச் சத்தம்? எங்க உக்காந்து பேசுவீங்க?’ என்றுதான் ஆரம்பிக்கிறாளாம்.

எனக்கும் கொஞ்சம் புத்தி வந்திருக்கிறது. நாம் சாமான் வாங்கப் போனால், நம் காதுக்கு எப்படி, நம் கைக்கு எப்படி, நம் கண்ணுக்கு எப்படி என்று பார்க்கிறோம். பார்க்க வேண்டியதுதான். ஆனால் போன், மைக், கேமரா இதிலெல்லாம் மறுமுனையில் ஒரு மனுஷர் இருக்கிறார். அவர் கடைக்கு வருவதில்லை. அவருக்காகவும் நாம்தான் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் நண்பர் வீட்டுக்கு வந்தார். ரிட்டையர் ஆகப்போகிறாராம். டிஜிட்டல் கேமரா வாங்க வேண்டுமாம். “எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம்மா?” என்றார்.

பழைய நானாக இருந்தால் அந்த நிமிடமே நோட்டை எடுத்திருப்பேன்.

“எதைப் படம் எடுக்கப் போறீங்கண்ணே?” என்றேன்.

“அது… இன்னும் யோசிக்கலையே.”

“எடுத்த படத்த யாருக்குக் காட்டப் போறீங்க?”

யோசித்தார். காப்பி ஆறியது. இன்னும் யோசித்தார். “வீட்டுல கேட்டுக்கிட்டு வாரேன்” என்று எழுந்துபோனார். இன்னும் திரும்பி வரவில்லை.

இப்போதெல்லாம் என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்கள் ரொம்பக் குறைந்துவிட்டார்கள். என் கணவருக்கு அதில் பரம சந்தோஷம்!